பூங்காவுக்குப் பக்கத்தில் வீடு: யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு தேடுகிறவர்கள் போனில் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்று. அடுத்தது அட்வான்ஸ் எத்தனை மாதம். "பூங்காவுக்குப் பக்கத்தில" என்று சொன்னால், "அப்ப நல்லதுதானே" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். கொழும்பிலிருந்து மாற்றலாகி, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு வீட்டைப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் வேம்பு, நிழல், ஒரு குயில். உடனே அட்வான்ஸ் கொடுத்தேன். முதல் சனிக்கிழமை மாலையில் மேடை போட்டார்கள், ஒலிபெருக்கிப் பெட்டிகள் வந்து இறங்கின, அலுமாரிக்குள் இருந்த பீங்கான் கோப்பைகள் இரவு வரை கிலுகிலுவென்று அதிர்ந்தன. வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறு வருடமாகிறது. இன்னும் பூங்காவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன், வீடு மட்டும் மாறியிருக்கிறது. அந்த முதல் வீட்டில் பட்டதும் இரண்டாவது வீட்டில் பழகியதும் கீழே இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பழைய யாழ்ப்பாணத்து வீட்டில் வளவு மூன்று நான்கு பரப்பு இருக்கும். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச், பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். படலையைத் திறந்தால் முற்றம், முற்றத்தில் வேம்பு, பின்னால் கோடிப்புறம். பிள்ளைகள் விளையாடியது, பெரியவர்கள் கதைத்தது, நெல் காயப்போட்டது எல்லாம் அங்கேதான். இப்போது ஒரு பரப்புக் காணியில் மாடி வீடு எழுப்பி, மிச்சம் இருக்கும் நான்கடி இடத்துக்கும் சீமெந்து போட்டுவிடுகிறோம். ஆகவே பூங்கா உங்களுக்கு முற்றம். ஆனால் ஊர் முழுவதற்கும் பொதுவான முற்றம். இதை மனதில் வைத்துக்கொண்டு வீடு தேடினால் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாக வரும்.

முதலில், எந்தப் பூங்கா

சுண்டிக்குளிப் பக்கம், கண்டி வீதியில் இருக்கிறது பழைய பூங்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீண்ட காலம் இங்கே அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் ஆக்லண்ட் டைக் உண்டாக்கிய தோட்டம் அது. மரம் என்றால் அங்கேதான் மரம். இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரங்கள். கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இருக்கும் பக்கம் என்பதால் வார நாட்களில் வாகனச் சத்தம் இருக்கும், பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வீதியைக் கடப்பதே ஒரு வேலை. நடப்பதற்கும் வயதானவர்களோடு இருப்பதற்கும் என் தெரிவு இந்தப் பக்கம்.

நல்லூரில் முத்திரைச் சந்தியடியில் சங்கிலியன் பூங்கா. ஊரில் பலர் கிட்டு பூங்கா என்றுதான் சொல்வார்கள். ஓட்டோக்காரரிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும் கொண்டுபோய் விடுவார். மந்திரிமனை என்ற பழைய கட்டடமும், 'ப' வடிவத்தில் வெட்டிய யமுனா ஏரியும் நடை தூரத்தில். பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு வசதியான இடம், ஆனால் கூட்டங்களும் கண்காட்சிகளும் நடக்கும் திடலும் அதுதான். ஒலிபெருக்கிக் கதையை மறக்க வேண்டாம்.

நகரத்தின் நடுவில் சுப்பிரமணியம் பூங்கா. நூலகம், துரையப்பா விளையாட்டரங்கு, கோட்டை, பஸ் நிலையம் எல்லாம் கிட்ட. சின்னப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். நடப்பவர்களுக்கு இது போதாது, அவர்கள் பண்ணை என்ற பகுதிக்குப் போவார்கள். பண்ணையில் கடல்நீரேரிக் கரையோடு நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் போர்த்துக்கேயர் தொடங்கி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐங்கோணமாகக் கட்டிய கோட்டை. பொழுது படுவதைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் வீடு எடுத்தால் கேற்றுக்கும் யன்னல் கம்பிக்கும் வருடா வருடம் பெயின்ற் அடிக்க வேண்டும். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது.

ஆரியகுளத்தையும் கணக்கில் எடுங்கள். 2021 இல் மாநகர சபை குளத்தைத் திருத்தி, சுற்றி நடைபாதை போட்டது. ரயில் நிலையத்துக்குக் கிட்ட என்பதால் கொழும்புக்கு அடிக்கடி போய்வருகிறவர்களுக்குத் தோதானது. மரநிழல் குறைவு. மத்தியானத்தில் அங்கே நடக்கிறவர் ஒன்றில் புதியவர், அல்லது டொக்டர் பயமுறுத்தியவர்.

மூன்று நேரம் போய்ப் பாருங்கள்

வீட்டைப் பகல் பதினொரு மணிக்குக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு யாருக்கும் சொல்லாமல் மூன்று தரம் போங்கள்.

விடியற்காலை ஆறு மணிக்கு ஒருமுறை. யார் நடக்கிறார்கள், பெண்கள் தனியாக நடக்கிறார்களா, நாய்கள் எத்தனை, கோயில் பாட்டு எந்தத் திசையிலிருந்து எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியும். மாலை ஐந்தரைக்கு ஒருமுறை, முடிந்தால் சனி ஞாயிறில். அப்போதுதான் மோட்டார் சைக்கிள்களை எங்கே விடுகிறார்கள் என்று தெரியும். பார்க்கப்போகும் வீட்டுக் கேற்றை மறித்து நிற்கிறதா என்று நேரே பாருங்கள். இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை. தெருவிளக்கு எரிகிறதா, ஒழுங்கையின் மூலையில் யார் நிற்கிறார்கள். வீதி வெறிச்சென்று இருந்தால் அது அமைதியாகவும் இருக்கலாம், ஆள்கள் தவிர்க்கிற இடமாகவும் இருக்கலாம். முன்வீட்டில் மணி அடித்துக் கேளுங்கள். "இரவில வந்து போக எப்பிடியம்மா?" என்றால் உண்மையைச் சொல்வார்கள். கேட்டதோடு அவர்களும் உங்களை விசாரிப்பார்கள்: எந்த ஊர், எங்கே வேலை, பிள்ளைகள் எத்தனை. கோபிக்க வேண்டாம். அந்த ஐந்து நிமிடத்தில் உங்களைப் பற்றி ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிடும், அதில் நன்மையே அதிகம்.

மழைக்காலத்தில் வீடு தேடுகிறவர் கொடுத்து வைத்தவர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் பூங்காவின் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று தெரிந்துவிடும். பூங்கா உயரத்தில், வீடு பள்ளத்தில் என்றால் வெள்ளம் முற்றத்துக்கு வரும். கோடையில் தேடுகிறவர்கள் மதிலின் அடியைப் பாருங்கள். தண்ணீர் நின்ற கறை பழுப்புக் கோடாகத் தெரியும். புதிதாக அடித்த பெயின்ற் அடியில் மட்டும் உரிந்திருந்தாலும் அதே கதைதான்.

கிணற்றை எட்டிப் பாருங்கள்

இதில்தான் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, சரி என்று விட்டுவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர் நீருக்கு மேலே மிதக்கிறது. கிணற்றில் நாங்கள் அள்ளுவது அந்த மேல்படையை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். அதனால் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "சித்திரையில தண்ணி எவ்வளவுக்கு இறங்கும்? உவர்க்குமோ?" என்று கேட்க வேண்டும். கேட்டதற்கு, "எங்கட கிணறு எந்தக் காலமும் வத்தாது" என்று பதில் வரும். வற்றாது என்பதும் உவர்க்காது என்பதும் வேறு வேறு.

நான் செய்வது இது. ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துவந்து, பால் விடாத பிளேன்ரீ போடுவேன். உவர் இருந்தால் முதல் மிடறிலேயே நாக்கு காட்டிக்கொடுக்கும். மிச்சத்தில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிப் பார்ப்பேன். நுரை வராமல் தயிர்போலத் திரண்டால் கல்லுத் தண்ணீர். கேத்தலில் வெள்ளைப் படை பிடிக்கும், தலைமுடி சடைக்கும், சோலர் ஹீட்டர் இருந்தால் அதன் ஆயுள் குறையும். இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

நாக்குக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. தோட்டப் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை உள்ள வீடு என்றால் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் தண்ணீரை எங்கே பரிசோதிக்கலாம் என்று சொல்வார். பூங்காவுக்குப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: பூங்காவின் பொது மலசலகூடம் எந்த மூலையில்? உங்கள் கிணறு எந்த மூலையில்? இரண்டுக்கும் இடையில் ஒரு மதில் மட்டும்தான் என்றால் குடிக்கிற தண்ணீரை வேறு இடத்தில் பாருங்கள்.

எழுத்தில் வையுங்கள்

வாய்ப்பேச்சில் வீடு எடுத்தால் பின்னால் முகம் முறிக்க வேண்டி வரும். பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்பார்கள், அதை எப்போது எப்படித் திருப்பித் தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மோட்டர் பழுதானால் யார் செலவு, கிணறு இறைப்பது யார், மதிலோடு நிற்கும் மரத்தின் கொப்பை யார் வெட்டுவது என்பவற்றையும் சேருங்கள். வந்த கிழமையே கிராம அலுவலரிடம் போய்ப் பதிந்துவிடுங்கள். பழையவர்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூட அனுமதியிலிருந்து எல்லாவற்றுக்கும் அவருடைய கடிதம் தேவைப்படும்.

வந்த முதல் கிழமை

மூன்று வேலைகள். முதலாவது, பந்து. பூங்காவின் ஓரத்து வீட்டுக்குப் பந்து வரும். வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். முதல் நாள் மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரியும்: "அங்கிள், போலை எடுத்துத் தாறீங்களோ?" அந்த முதல் பந்தை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில் அடுத்த வருடங்கள் தங்கியிருக்கின்றன. நான் முதல் வீட்டில் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு புத்தி சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவில்லை, மதிலால் குதித்து எடுத்தார்கள். மதிலோரத்துச் செவ்வரத்தையின் கொப்பு முறிந்தது, என் நிம்மதியும் போனது. இரண்டாவது வீட்டில் கேற்றுக்கு உள்ளே ஒரு பழைய வாளி வைத்தேன். விழும் பந்துகளை அதில் போடுவேன். பெடியள் கேற்றைத் திறந்து எடுத்துவிட்டுக் கொளுவியைப் போட்டுவிட்டுப் போவார்கள். மார்கழி வெள்ளத்தில் என் மோட்டார் சைக்கிள் வீதியோர வடிகானுக்குள் சறுக்கியபோது தூக்கிவிட்டவர்கள் அதே பெடியள்தான். ஆனால் கார் நிறுத்துவதாக இருந்தால் ஒரு கொட்டகை போட்டுவிடுங்கள். கண்ணாடிக்கு வாளி உதவாது.

இரண்டாவது, சருகு. பெரிய மரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சருகு விழுகிறதே என்று அலுக்கக் கூடாது. மாசி, பங்குனியில் வேம்பு உதிரும்போது காலையில் கூட்டியது மத்தியானத்துக்குள் மறுபடி மூடிவிடும். ஈர்க்கு விளக்குமாறு ஒன்று வாங்குங்கள், தும்புத்தடி சருகுக்குச் சரிவராது. கூட்டியதைக் கொளுத்த வேண்டாம். புகை பூங்காவில் நடக்கிறவர்களின் முகத்துக்குத்தான் போகும். ஒரு மூலையில் கிடங்கு வெட்டிப் போட்டு, சமையல் கழிவையும் சேர்த்து, மேலே கொஞ்சம் மண் தூவுங்கள். சில மாதத்தில் கறிவேப்பிலைக்கும் தேசிக்கும் பசளை. பிளாஸ்ரிக்கும் கண்ணாடியும் வேறாகக் கட்டி, குப்பை ஏற்ற மாநகர சபையின் உழவு இயந்திரம் வரும் நாளில் வெளியே வையுங்கள். எந்த நாள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மூன்றாவது, உடுப்புக் கொடி. இது யாரும் சொல்லாத விஷயம். பெரிய மரங்களுக்கு இரவில் வௌவால் வரும். ஆலம்பழமும் இலுப்பையும் தின்றுவிட்டுப் பறக்கிற போக்கில் எச்சமிடும். வெள்ளை வேட்டியில் பட்டால் அந்தக் கறை போகாது. பொழுது படுவதற்கு முன் உடுப்பை எடுத்துவிடுங்கள், அல்லது கொடியைக் கூரைக்குக் கீழே கட்டுங்கள்.

நாளை வகுத்துக்கொள்வது

பூங்காவுக்குப் பக்கத்தில் குடியிருந்தும் மாதக்கணக்காக உள்ளே போகாதவர்களை எனக்குத் தெரியும். "பக்கத்திலதானே, எப்பவும் போகலாம்" என்று நினைத்தால் எப்போதும் போக மாட்டோம். நேரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

காலை நடைக்கு விடியும்போதே போங்கள். எங்கள் ஊரில் சூரியன் வருடம் முழுக்க ஆறு மணிக்குக் கிட்டத்தட்டத்தான் உதிக்கிறது, ஆனியில் கொஞ்சம் முந்தி, தையில் கொஞ்சம் பிந்தி. ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசிப் பக்கமும் மத்தியானச் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் காலடியிலேயே விழும். அந்த நாட்களில் எட்டு மணிக்கே வெக்கை தொடங்கிவிடும். தண்ணீர்ப் போத்தல், ஒரு தொப்பி, கால் மூடிய சப்பாத்து. செருப்போடு நடந்தால் வேர் தட்டும்.

வாசல் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று காவலாளியிடம் கேளுங்கள். பெயரைச் சொல்லி, எந்த வீடு என்றும் சொல்லி வையுங்கள். மறுநாளிலிருந்து தலையாட்டுவார். அதற்கு அடுத்த கிழமை உங்கள் வீட்டுக் கேற் திறந்து கிடந்தால் கூப்பிட்டுச் சொல்வார்.

அப்புறம், வாங்கில்கள். இருக்கைகள் எல்லாருக்கும் பொது என்று பலகை சொல்லும். நடைமுறை வேறு. நான் வந்த புதிதில் மகிழமரத்துக்குக் கீழே உள்ள வாங்கிலில் போய் உட்கார்ந்தேன். வெள்ளைச் சேட்டும் சாரமும் உடுத்த ஒரு பெரியவர் வந்து முன்னால் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. கைத்தடியை வாங்கிலில் சாய்த்து வைத்தார். நான் தள்ளி இடம்விட்டேன்.

"தம்பி புதுசோ?"

"ஓம் ஐயா. பின் ஒழுங்கையில வந்திருக்கிறம்."

"வீட்டில கிணத்துத் தண்ணி எப்பிடி?"

"பரவாயில்லை ஐயா."

"பரவாயில்லையெண்டா உவர்தான்" என்றார். பிறகு அரை மணி நேரம் அந்த வளவின் கதையைச் சொன்னார்: முன்பு அது எத்தனை பரப்பு, யார் எப்போது பிரித்தது, எந்த மூலையில் பழைய மலசலகூடக் குழி இருந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் இல்லாத அவ்வளவும் அந்த வாங்கிலில் கிடைத்தது. கிணற்றுக்குப் பத்து அடிக்குள் மூடிய குழி ஒன்று இருப்பதை அன்றுதான் அறிந்தேன். அன்றிலிருந்து குடிக்கிற தண்ணீர் வேறு இடத்திலிருந்து. ஆகவே முதல் மாதம், எங்கே உட்காருவதானாலும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்காருங்கள்.

பிள்ளைகளை நாலரைக்குப் பிறகு கூட்டிப் போகலாம். சறுக்குமரம் இரும்புத் தகடு என்றால் முதலில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நாலு மணி வெயிலில் அது தோசைக்கல். ரியூசன் இல்லாத நாள் எது என்று பார்த்து, அந்த நாளைப் பூங்காவுக்கென்று ஒதுக்குங்கள். யாழ்ப்பாணத்தில் பிள்ளையின் பின்னேரத்தை ரியூசனிடமிருந்து பறிப்பது லேசான வேலை இல்லை, தெரியும். கிழமைக்கு ஒரு நாளாவது பறியுங்கள்.

வாசலடியில் கச்சான் வண்டி நிற்கும். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் குழம்புவார்கள்: இங்கே கச்சான் என்றால் நிலக்கடலை. மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கும் அதே பெயர்தான். எதைச் சொல்கிறார்கள் என்பது சொல்பவர் கையைப் பார்த்தால் தெரியும். கோதைக் கீழே போடாமல் அந்தப் பேப்பர்ச் சுருளுக்குள்ளேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், நாளைக் காலை அதே வழியால் நடக்கப் போகிறவர் நீங்கள்தான்.

காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டின் எந்த யன்னலைத் திறப்பது என்பது மாதத்தைப் பொறுத்தது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், தெற்கும் தென்மேற்கும். பூங்கா வீட்டுக்குத் தெற்கே இருந்தால் அந்த மாதங்களில் மின்விசிறி தேவையில்லை, ஆனால் திடலின் புழுதி முழுக்கக் குசினிக்குள் வரும். யன்னலுக்கு நுளம்பு வலை அடித்தால் பாதிப் புழுதியையும் அது பிடிக்கும். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். கார்த்திகைக்குப் பிறகு வாடை, வடகிழக்கு. மழையையும் குளிரையும் கொண்டுவரும் காற்று. வடக்கே பார்த்த விறாந்தை என்றால் ஒரு படங்கு தயாராக இருக்கட்டும்.

வாடைக்காற்றின் நல்ல பக்கம் பட்டம். மார்கழி, தைப் பொங்கலை ஒட்டி வெளியான இடமெல்லாம் பட்டம் ஏறும். வல்வெட்டித்துறைக்குப் போய்ப் பொங்கலன்று பார்க்க வேண்டும், கப்பல், மயில், பாம்பு என்று வானத்தில் ஊர்வலமே போகும். பட்டத்தின் தலையில் விண் என்ற, நார் கட்டிய வில்லைப் பூட்டி ஏற்றினால் அது காற்றில் கூவும். சில பெடியள் இரவில் இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். முதல் இரவு அந்த ஊம் என்ற சத்தத்தைக் கேட்டு நான் தண்ணீர் மோட்டரை நிற்பாட்ட மறந்துவிட்டேன் என்று எழும்பிப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் ஏற்றுவதானால் மின்கம்பி இல்லாத பக்கம் நிற்கச் சொல்லுங்கள். கம்பியில் சிக்கிய பட்டத்தைத் தடி கொண்டு எடுக்க விடாதீர்கள்.

நுளம்பும் நாயும்

டெங்கு நுளம்பு பூங்காவிலிருந்து வருகிறது என்று மதிலைத் தாண்டிக் கை நீட்டுவோம். பெரும்பாலும் அது உங்கள் வளவிலேயே பிறந்தது. தெளிந்த தண்ணீர் நிற்கும் சிரட்டை, யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலியில் அடைந்த சருகு. முட்டை, பறக்கும் நுளம்பாக மாற ஒரு கிழமை பத்து நாள் போதும். அதனால் கிழமைக்கு ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், வளவைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். நுளம்பு பெருக இடம் கொடுத்தால் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்கே வரும். டெங்கு நுளம்பு விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கூடுதலாகக் கடிக்கும், நாங்கள் நடக்கப் போகிற அதே நேரத்தில். முழுக்கால் காற்சட்டை போடுங்கள். மாரியில் காய்ச்சல் வந்தால் பனடோல் (பரசிற்றமோல்) தவிர வேறு வலிக் குளிசை போடாமல், மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதியுங்கள்.

நாய்கள் பற்றிச் சுருக்கமாக. பூங்கா நாய்க்குச் சோறு வைப்பதானால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாசலுக்குத் தள்ளி வையுங்கள். கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே போதனா வைத்தியசாலைக்கு. தடுப்பூசி இலவசம். மஞ்சள் பூசிப் பார்ப்போம் என்று வீட்டில் யாரும் சொன்னால் கேட்க வேண்டாம்.

நல்லூர்த் திருவிழா நாட்கள்

நல்லூர்ப் பக்கம் வீடு என்றால் இதற்கென்று தனியாக ஆயத்தம் வேண்டும். கந்தசுவாமி கோயில் திருவிழா ஆடி, ஆவணியில் 25 நாள். கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குத் தடை போடுவார்கள். உங்கள் வாகனம் உள்ளே வந்துபோக என்ன ஏற்பாடு என்று கொடியேற்றத்துக்கு முன்பே மாநகர சபையில் விசாரித்து வையுங்கள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் காரை வெளியே எங்காவது தெரிந்தவர் வீட்டில் விட்டுவிடுவது உத்தமம்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் அந்த நாட்களில்தான் வருவார்கள். "உங்கட வீடு கிட்டத்தானே" என்று ஆரம்பித்தால் குறைந்தது நாலு பேர் படுப்பார்கள். பாய் வாங்கி வையுங்கள். தெரியாதவர்களும் கேற்றைத் தட்டித் தண்ணீர் கேட்பார்கள், வயதானவர்கள் கால் கழுவக் கேட்பார்கள். வாசலில் ஒரு குடமும் குவளையும் வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் எழும்ப வேண்டியதில்லை. மைக்கில் காணாமல்போன பிள்ளைகளின் பெயர் வாசிப்பது இரவு வரை கேட்கும். அது பழகிவிடும், ஒரு கட்டத்தில் பிள்ளை கிடைத்துவிட்டதா என்று நீங்களே காதைக் கொடுப்பீர்கள்.

தேருக்கு முதல் நாள் இரவே தாங்கியை நிரப்பிவிடுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஒழுங்கையில் எல்லா வீட்டு மோட்டரும் ஒன்றாக ஓடும், கிணறு கலங்கிவிடும்.